‘14 விநாடி’ சட்டம் கிடையாது. இருக்கிற சட்டம் எதுவரை போகும்?

கேட்கப்பட்டது இது: பெங்களூரில் தங்கை தினமும் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போகிறாள், சில நாள் பிஎம்டிசி பஸ்ஸில், இரவு ஷிஃப்ட் என்றால் ஆபீஸ் கேபில். யாராவது வெறித்துப் பார்த்துக்கொண்டே வருவது வாடிக்கையாகிவிட்டது. 14 விநாடிக்கு மேல் பார்த்தால் கேஸ் போடலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது நிஜமா? அப்படி ஒரு சட்டம் இல்லையென்றால் கொண்டுவர வேண்டாமா? போலீஸிடம் போனால் என்ன ஆகும்? அந்த ஆளைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடலாமா?

அந்த 14 விநாடி, 2016-ல் கேரளத்தில் எக்சைஸ் கமிஷனராக இருந்த ரிஷிராஜ் சிங் ஒரு மேடையில் சொன்னது. சொன்ன மறுநாளே மலையாளிகள் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். ஆனால் ஃபார்வர்டு மட்டும் இன்னும் சாகவில்லை. இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் பார்வைக்கு விநாடிக் கணக்கு கிடையாது. ‘முறைத்துப் பார்த்தல்’ என்ற பெயரில் தனிக் குற்றமும் கிடையாது.

இருப்பவை இவை. 2024 ஜூலை 1 முதல் பழைய ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பொது இடத்துத் தொல்லைக்கு அதில் பயன்படுவது முக்கியமாக நாலு பிரிவு. 74: மானபங்க நோக்கத்தோடு கை வைப்பது, பலப்பிரயோகம். 1 வருடத்துக்குக் குறையாமல் 5 வருடம் வரை சிறை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. 75: பாலியல் தொல்லை. விரும்பாத தொடுகை, பாலியல் ரீதியாக அழைப்பது, ஆபாசப் படம் காட்டுவது என்றால் 3 வருடம் வரை. ஆபாசமாகப் பேசுவது மட்டும் என்றால் 1 வருடம் வரை. 78: பின்தொடர்தல். முதல் தடவை 3 வருடம் வரை, திரும்ப மாட்டினால் 5 வரை. 79: பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல், ஒலி, சைகை, பொருள் காட்டுதல், அல்லது அவளுடைய அந்தரங்கத்தில் அத்துமீறுதல். 3 வருடம் வரை, அபராதமும் உண்டு.

இந்த நாலிலும் ‘பார்த்தான்’ என்பது எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? 75-ல் தொடுகை, பேச்சு, படம். 78-ல் தொடர்ந்து வருவது, வேண்டாம் என்று காட்டிய பிறகும் பேச முயல்வது, இணையத்தில் வேவு பார்ப்பது. நேரில் பின்தொடர்ந்து பேச முயல்வதற்கு ‘திரும்பத் திரும்ப’ என்ற நிபந்தனையும் உண்டு. 79 மட்டும்தான் வெறித்த பார்வைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, அதுவும் பார்வையோடு ஒரு சைகையோ ஒலியோ சேரும்போது. உதட்டை நக்கிக் காட்டினான், கண்ணடித்தான், விசிலடித்தான், கையால் ஒரு அசிங்கம் காட்டினான் என்றால் 79 நேராகப் பொருந்தும். கையைக் கட்டிக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தான் என்றால், அந்தரங்கத்தில் அத்துமீறல் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் ஜனங்கள் நிறைந்த ரயில் பெட்டியில் அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

இதே பார்வை ஆபீஸ் கேபுக்குள் நடந்தால் கதை வேறு. பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013-ம் வருடச் சட்டத்தில், விரும்பாத பாலியல் தன்மையுள்ள நடத்தை பேச்சாக இருந்தாலும் சரி, பேச்சில்லாததாக இருந்தாலும் சரி, தொல்லைதான். கம்பெனி ஏற்பாடு செய்கிற வண்டியும் பணியிடம் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. ஆக மாரத்தஹள்ளி சிக்னலில் நிற்கும் கேபுக்குள் சக ஊழியர் ஒருவர் உங்கள் தங்கையை வெறித்துப் பார்த்தால் 3 மாதத்துக்குள் கம்பெனியின் உள் புகார்க் குழுவுக்கு எழுதிக் கொடுக்கலாம். குழு 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். டிரைவர் வெளி வெண்டரின் ஆள் என்றால், அவன் மேல் போலீஸ் புகார் கொடுக்க அவள் விரும்பினால் துணை நிற்கிற கடமை கம்பெனிக்கு உண்டு. கண்ணாடிக்கு வெளியே, பக்கத்தில் நிற்கும் பஸ்ஸில் அதே பார்வை பார்க்கிறவனுக்கு இது எதுவும் பொருந்தாது.

இன்னொரு விதிவிலக்கு 18 வயதுக்குக் கீழே. போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவில், பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், கவனித்துக்கொண்டே இருப்பதும் குற்றம் என்று பச்சையாகவே எழுதியிருக்கிறது. தண்டனை 3 வருடம் வரை. பையன்களுக்கும் இது பொருந்தும். ஸ்கூல் வாசலில் தினமும் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒரே பெண் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் மேல் புகார் கொடுக்க, அவன் வாய் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பெரியவர்களுக்கு மட்டும் ஏன் இந்த ஓட்டை? 2012 டிசம்பர் டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி வர்மா கமிட்டி 2013 ஜனவரி 23-ல் அறிக்கை கொடுத்தது. பிப்ரவரி 3-ல் அவசரச் சட்டம் வந்தது. அந்த அவசரச் சட்டத்தின் பாலியல் தொல்லைப் பிரிவில், ‘விரும்பாத, பாலியல் தன்மையுள்ள வேறு எந்த நடத்தையும், பேச்சில்லாததும்கூட’ என்ற பொருளில் கடைசியாக ஒரு வரி இருந்தது. மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த வரி இல்லை. பின்தொடர்தலும் முதல் தடவைக்கு ஜாமீன் கிடைக்கும் குற்றமாக இறங்கியது. நம்மில் யார்தான் பெண்கள் பின்னால் போகவில்லை என்கிற தோரணையில் ஷரத் யாதவ் மக்களவையில் பேசியது அந்த விவாதத்தில்தான். பார்த்தாலே உள்ளே தூக்கிப் போடுவார்கள், பழிவாங்கப் பயன்படும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். 2023-ல் சன்ஹிதா எழுதியபோது அந்த வரியைத் திரும்பக் கொண்டுவர வாய்ப்பு இருந்தது. கொண்டுவரவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே 1998-ம் வருடச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அச்சமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்கும் எந்த அநாகரிக நடத்தையும் அதில் அடங்கும். முதலில் ‘ஈவ் டீசிங்’ என்று பெயர் வைத்து, பிறகு ‘பெண்கள் துன்புறுத்தல்’ என்று மாற்றினார்கள். பார்வையைக்கூட அதற்குள் கொண்டுவர முடியும், அவ்வளவு அகலமான சொற்கள். ஆனால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வந்துவிட்டால் அது செல்லாது. பெங்களூரு போலீஸிடம் அந்தச் சட்டத்தைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சரி, தனிச் சட்டம் வேண்டுமா? வெறும் பார்வைக்குச் சிறை என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பார்வைக்குப் பின்னால் இருக்கிற எண்ணத்தை யார் நிரூபிப்பது என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரியது, யார் மாட்டுவார்கள் என்பது. தெருவில் நிற்கிறவன்தான் மாட்டுவான். சில்க் போர்டு ஜங்ஷனில் வேலைக்குக் காத்திருக்கும் பிகார்ப் பையன், ஸ்ரீராம்புரத்தில் வீட்டுக்குள் இடமில்லாமல் வாசல் படியில் உட்கார்ந்திருக்கும் நம்ம பையன், கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயிருந்து பார்க்கிறவனை எந்த கான்ஸ்டபிளும் பிடிக்கப் போவதில்லை. இதை வைத்துப் பெண்களின் புகாரைத் தள்ளிவிடலாம் என்று சொல்லவில்லை. சட்டம் எழுதும்போதே அதை யார் கையில் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸ் 2019-ல் செய்தது எனக்குச் சரியாகப் படுகிறது. அவர்களுடைய பாதுகாப்பான இடங்கள் சட்டத்தில் காமப் பார்வை, உறுத்தும் பார்வை என்பது பெயர் சொல்லியே இருக்கிறது. முதல் தடவைக்குச் சிறை இல்லை: 1,000 பெசோ அபராதம், 12 மணி நேரச் சமூக சேவை, அதற்குள்ளேயே ஒரு வகுப்பு. இரண்டாவது, மூன்றாவது தடவை என்று போகப் போகத்தான் சில நாள் சிறை வருகிறது. லண்டனில் இன்னும் எளிய வழி: போக்குவரத்து நிர்வாகம் ரயில்களில் போஸ்டர் ஒட்டியது. பாலியல் நோக்கோடு வெறித்துப் பார்ப்பது தொல்லை, பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்று. ‘பார்த்தால் என்ன தப்பு’ என்று கேட்கிறவனுக்குச் சுவரே பதில் சொல்கிறது, கூட நிற்கிற பயணிக்கும் வாய் திறக்கத் தைரியம் வருகிறது. நம்ம மெட்ரோவில் எச்சில் துப்பாதே என்று எழுதுகிற இடத்தில் இதையும் எழுதப் பெரிய செலவு ஆகாது.

புதுச் சட்டம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற தீர்ப்பு ஒன்று இருக்கிறது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் 1999-ல் ஒரு போலீஸ்காரரே ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்ட வழக்கு, சமுத்திரம் வழக்கு. உச்ச நீதிமன்றம் 2012 நவம்பர் 30-ல் அதில் நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது. பஸ் ஸ்டாண்டு, ரயில், மெட்ரோ நிலையங்களில் சாதாரண உடையில் பெண் போலீஸ். முக்கியமான இடங்களில் கேமரா. பஸ்ஸுக்குள் தொல்லை நடந்து பெண் புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு ஓட்டிப் போக வேண்டும். போகாவிட்டால் பர்மிட்டே ரத்தாகலாம். கேமரா மட்டும் வந்தது. நிர்பயா நிதியில் பெங்களூரில் ஆயிரக்கணக்கில் மாட்டியிருக்கிறார்கள். பஸ் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பிய காட்சியை எத்தனை பேர் பார்த்திருப்போம்? கண்டக்டர் பொதுவாகச் செய்வது, அந்த ஆளை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவது. உடனே நிம்மதிதான். ஆனால் புகாருக்கான ஆள், பெயர், சாட்சி மூன்றும் அந்த ஸ்டாப்பிலேயே இறங்கிப் போய்விடுகின்றன. எனவே கண்டக்டரிடம் சொல்லும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும்: “பஸ் நில்லிசி, போலீஸ் ஸ்டேஷன்கெ ஹோகோணா” (பஸ்ஸை நிறுத்துங்கள், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம்). கூடவே 112 என்ற அவசர எண்ணுக்கும் போன். எதிராளி இறங்கிவிட்டாலும் கண்டக்டரே சாட்சி.

புகாரில் எங்கே கோட்டை விடுகிறோம் என்பதற்கு வருகிறேன்.

முதல் தவறு ஒரு சொல்லில் நடக்கிறது. தமிழில் ‘முறைச்சான்’ என்போம். அதை அப்படியே கன்னடத்தில் ‘துருகுட்டி நோடிதா’ என்று எழுதினால் கோபமாக முறைத்தான், ஏதோ தகராறு என்று படிக்கவும் இடமுண்டு. சீட்டுச் சண்டை என்று ஏட்டு முடிவு கட்டிவிடுவார். ‘தப்பாப் பார்த்தான்’ என்று சொல்வதும் உதவாது. பார்த்த விதத்தை விட்டுவிட்டு, நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். உதாரணமாக: “காலை 8.40, இந்திராநகர் தாண்டியதும், கதவுப் பக்கம் நின்றவன் என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பி நின்றேன். அவனும் சுற்றி வந்து எனக்கு எதிரே நின்றான். நாக்கால் உதட்டை நக்கிக் காட்டினான். ‘என்ன வேணும்’ என்று சத்தமாகக் கேட்டேன், சிரித்தான். பச்சைச் சுடிதார் போட்ட அம்மா ஒருவர் அவனைத் திட்டினார். பையப்பனஹள்ளியில் இறங்கினேன், பின்னாலேயே இறங்கினான்.” இதில் சைகை இருக்கிறது, நோக்கம் தெரிகிறது, வேண்டாம் என்று அவள் காட்டியது இருக்கிறது, சாட்சி இருக்கிறார். 79-க்கு இது போதும். ஒரே நாள் என்பதால் 78 வராது. மறுநாளும் அதே ஆள் அதே ஸ்டேஷனில் காத்திருந்து பேச்சுக் கொடுக்க வந்தால் வரும். அதனால் தேதி, நேரம், இடம் மூன்றையும் அன்றன்றைக்கே தங்கை தனக்குத் தானே ஒரு மெசேஜாக அனுப்பி வைப்பது நல்ல பழக்கம். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

எடுத்து வைக்க வேண்டிய மற்றவை: மெட்ரோ என்றால் பெட்டிக்குள் எழுதியிருக்கும் பெட்டி எண், ஏறிய இறங்கிய நேரம். கார்டு தட்டிய பதிவே நேரத்தைக் காட்டும். பஸ் என்றால் வண்டி எண், ரூட் நம்பர், டிக்கெட். பெண்களுக்கான ‘சக்தி’ திட்டத்தில் இலவசம்தானே என்று அந்தப் பூஜ்ய டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் அந்த நேரம் அந்த வண்டியில் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சுலபமான ஆதாரம் கிடையாது. கேமராப் பதிவு கொஞ்ச நாளில் மேலெழுதப்பட்டு அழிந்துவிடும். ஆகவே போலீஸ் கேட்கட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே நிலையக் கட்டுப்பாட்டாளருக்கு அல்லது டிப்போ மேலாளருக்கு எழுத்தில், இந்தத் தேதி இந்த நேரப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள் என்று கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவை உங்கள் கையில் தரமாட்டார்கள், போலீஸ் கேட்டால் தருவார்கள். அழியாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது தவறு, எந்த போலீஸ் ஸ்டேஷன் என்று அலைவது. ரயில் நாலு எல்லையைத் தாண்டி ஓடுகிறது, ‘இது எங்க லிமிட் இல்ல’ என்பது முதல் பதிலாக வரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஆன்லைனில் அனுப்பினாலும் செல்லும், 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். 74 முதல் 79 வரை உள்ள குற்றங்களில் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும்.

மூன்றாவது, ரசீது. ஊரில் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதைக் கொடுத்து அனுப்புகிற மாதிரி இங்கே என்.சி.ஆர். என்று ஒரு தாள் கொடுப்பார்கள். வாங்கி வந்து கேஸ் போட்டாச்சு என்று நினைத்துக்கொண்டிருப்போம். அது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத சின்னக் குற்றங்களுக்கான பதிவு. 74, 75, 78, 79 எல்லாமே வாரண்ட் இல்லாமல் போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடியவை, அவற்றுக்கு எஃப்ஐஆர்தான். அதிகபட்சத் தண்டனை 3 வருடமோ அதற்கு மேலோ, ஆனால் 7 வருடத்துக்குக் கீழே உள்ள புகார் என்றால், மேலதிகாரி அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்கிறோம் என்று சொல்ல இடம் உண்டு. அப்படிச் சொன்னால் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். ஒரேயடியாக மறுத்தால் டிசிபிக்கு (போலீஸ் துணை கமிஷனர்) பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கும் அசையவில்லை என்றால் அஃபிடவிட்டோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 74, 79 போன்ற பிரிவுகளில் புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கே நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவில் 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை உண்டு. இதை ஸ்டேஷனில் மிரட்டலாகச் சொல்லாமல், எழுதிக் கொடுக்கும் புகாரின் கடைசி வரியாகச் சேர்த்தால் வேலை செய்யும்.

எஃப்ஐஆர் கன்னடத்தில் இருக்கும். வாய்மொழியாகச் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். கன்னடம் படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த ‘உதட்டை நக்கிக் காட்டினான்’ வரி உள்ளே வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அது விழுந்துவிட்டால் கேஸும் விழுந்துவிடும். நகல் இலவசம்.

இவ்வளவும் செய்தால் அவன் உள்ளே போவானா? பெரும்பாலும் மாட்டான். 75, 79, முதல் தடவை 78 மூன்றும் ஜாமீன் உரிமையுள்ளவை. சாயந்திரத்துக்குள் ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே வருவான், அல்லது நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இது தெரியாமல் போய், மறுநாள் அவனை அதே பிளாட்ஃபாரத்தில் பார்த்து மனம் உடைகிறவர்கள் நிறைய. தெரிந்துகொண்டு போனால் அந்த அதிர்ச்சி இல்லை. அவன் பெயரும் விலாசமும் பதிவில் ஏறிவிட்டது என்பதுதான் உடனடிப் பலன். 78-ல் ஒருமுறை தண்டனை ஆகிவிட்டால் அடுத்த தடவை ஜாமீனும் எளிதில் கிடைக்காது.

படம் எடுப்பது பற்றி. ஆதாரத்துக்காக அவனைப் படமோ வீடியோவோ எடுக்கத் தடையில்லை. முகம் மட்டும் போதாது, அவன் எங்கே நிற்கிறான், உங்கள் தங்கை எங்கே என்பது தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். எடுத்த போனை மாற்றாதீர்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது அந்த போன் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதி இரண்டாம்பட்சம். இன்ஸ்டாகிராமில் போடுவதை மட்டும் நான் சொல்லமாட்டேன். ஆளை மாற்றிச் சொல்லிவிட்டால் அவதூறு வழக்கு, 2 வருடம் வரை. சரியான ஆளாகவே இருந்தாலும், அவனுடைய வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்தப் பதிவின் கீழே உங்கள் தங்கை எழுதிய பதில்களைத்தான்.

நேர்மாறானதும் நடக்கிறது. நம்ம மெட்ரோவில் பெண்களைத் தெரியாமல் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமே நடத்தியவன் மேல் 2025 மே மாதம் பனசங்கரி ஸ்டேஷனில் வழக்குப் பதிந்தார்கள். அவன் செய்ததும் பார்வைதான், கையில் போன் இருந்தது, பதிவு மிஞ்சியது. உங்கள் தங்கையை யாராவது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தால், பார்வையைப் பற்றி வாதாடாமல் போனைக் காட்டச் சொல்லி, கதவருகே இருக்கும் அவசர இன்டர்காமில் டிரைவருக்குச் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் காவலர் முன்னால் திறக்க வைக்கலாம். பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் அவன் கொடுக்கும் புகார் முதலில் பதிவாகிவிடும்.